ஸ்பாட்டிங் ஸ்கோப், உயர்தர வகை
முக்காலியில் பொருத்தி, பைனாகுலருக்கு எட்டாத தொலைவிலுள்ள பறவைகளையும் விலங்குகளையும் ஒற்றைக் கண்ணால் காண உதவும் தொலைநோக்கி. உயர்தர வகையில் ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, ஜெர்மனியின் லைக்கா, சைஸ், ஜப்பானின் கோவா ஆகியவை முன்னணியில் உள்ளன.

கோவாவின் டிஎஸ்என்-883 கருவியில் 88 மி.மீ. பொருளருகு வில்லை, அதில் தூய ஃபுளூரைட் படிகம் உண்டு. வெளுத்த வானப் பின்னணியில் நிற்கும் கொக்கின் ஓரத்தில் படியும் ஊதா விளிம்பை அது ஏறக்குறைய இல்லாமலாக்கிவிடுகிறது. ஸ்வரோவ்ஸ்கியின் ஏடிஎக்ஸ் (2012) வரிசையில் முன்பகுதியைக் கழற்றி 65, 85, 95 மி.மீ. எனத் தேவைக்கேற்ப மாற்றலாம். லைக்காவின் 82 மி.மீ. கருவி 25 முதல் 50 மடங்கோடு நின்றாலும் பார்வைப்புலம் விரிந்தது.

உருப்பெருக்க எண்ணைக் கண்டு மயங்கக்கூடாது. 95 மி.மீ. வில்லையில் 30 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் சுமார் 3.2 மி.மீ.; 70 மடங்கில் 1.4 மி.மீ.தான். அந்தி வேளையில் படம் இருண்டுபோகும். நண்பகல் வெயிலிலோ கானல் அலைவு எந்த விலையுயர்ந்த கண்ணாடியையும் தோற்கடித்துவிடும்.

பறவை நோக்குவோர் பலர் சாய்ந்த கண்ணருகு வில்லையையும், வண்டிக்குள்ளிருந்து பார்க்கும் வேட்டைக்காரர்கள் நேர்வகையையும் விரும்புகின்றனர். ஆடும் முக்காலியில் இவற்றில் எதை ஏற்றினாலும் வீண்.