கூட்டமாக இருந்தால் பாதுகாப்பா?

2006இல் கொழும்பில் அறை தேடியபோது அம்மா, "எங்கட ஆக்கள் கனபேர் இருக்கிற இடமாப் பார்" என்றார். 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலோடு வந்த காடையர், தனித்திருந்த தமிழ் வீடுகளைத் தேடிப்பிடித்து எரித்தார்கள். அந்தப் பயம் அவருக்கு. ஆனால் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையும் அன்று எரிந்ததுதானே.

வாடகை மலிவென்று நான் கிராண்ட்பாஸில் முஸ்லிம் குடும்பமொன்றின் மேல்மாடியில் தங்கினேன்.

2007 ஜூன் 7 அதிகாலை பொலிஸார் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளுக்குப் போனார்கள். தமிழர் ஒரே இடத்தில் கூடியிருந்தது அவர்களுக்கு வசதியாயிற்று. 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

எங்கள் மேல்மாடிக்கு அன்று எவரும் வரவில்லை.