மத்தியஸ்தரின் கை

1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை கல்முனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் மட்டக்களப்பு மாவட்டத்து ஊர்களாகவே இருந்தனவாதலால், எமது கரையோரத்துக் கூடைப்பந்தாட்டத்தின் பூர்வ சரித்திரத்தைத் தேடுவோர், வடக்கே 25 மைல் சென்று, மட்டக்களப்பு நகரில் 1873இல் ஸ்தாபிக்கப்பெற்ற புனித மிக்கேல் கல்லூரியின் மைதானத்தில் நிற்றல் வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த காலத்தை ஒட்டி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார், பாடத்தோடு தம் தேசத்து ஆட்டத்தையும் அங்கே ஊன்றி வளர்த்தனர். அவர்களுள் வெபர் அடிகளாரின் நாமத்தை மட்டுநகர் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது. 1948இல் வந்த யூஜின் ஹேபியர் அடிகளாரோ, பல தசாப்தங்கள் மாணவரைப் பயிற்றுவதிலேயே தம் ஆயுளைச் செலவிட்டார்.

1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், பனிக்கு அஞ்சி மண்டபத்துள் அடைபட்டிருந்த மாணாக்கர்க்கென இரண்டு பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைந்து இவ்வாட்டத்தை வகுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பந்தை ஏந்தி ஓடுபவனை நிறுத்துவதற்காகவே மற்றவன் அவன்மேல் பாய்ந்து வீழ்த்துகிறான் என்று கண்டு, ஏந்தி ஓடுதலையே விலக்கிவிட்டார். அவருடைய 13 விதிகளில் என் மனத்தை மிகக் கவர்வது, பந்தை நோக்க ஒருவரும் மனிதரை நோக்க மற்றொருவருமாக இரு மத்தியஸ்தரை அவர் நியமித்ததேயாகும்.

சனங்களின் ஆரவாரத்திடையே விசில், ஏதோ பிழை நேர்ந்தது என்பதை மாத்திரமே சொல்ல வல்லது. பிழை இன்னதென்று சொல்வது கை. விரித்த உள்ளங்கை உயர்ந்தால் ஆட்டவிதி மீறப்பட்டது. மூடிய முஷ்டி உயர்ந்தால் ஒருவன் மற்றொருவனுக்குத் தீங்கிழைத்தான். முஷ்டிகள் ஒன்றையொன்று சுற்றினால் பந்தைத் தட்டாது ஏந்தி நடந்தான். மணிக்கட்டைப் பற்றிக் காட்டினால் பிடித்து இழுத்தான். இடுப்பில் இரு கைகளையும் ஊன்றினால் வழிமறித்தான். முஷ்டி உள்ளங்கையில் மோதினால் பந்தோடு வந்து எதிரியை இடித்தான். பின்னர் மத்தியஸ்தர் கணக்காளர் மேசையை நாடிச்சென்று, குற்றவாளியின் எண்ணை விரல்களால் காட்டி, குற்றத்தை அபிநயித்து, தண்டத்தை அறிவிக்கிறார். குலமும் ஊரும் பாஷையும் அங்கே கேட்கப்படுவதில்லை. தமிழ் அறியாத கொழும்புக் கட்சியும் ஆங்கிலம் அறியாத எம்மூர்ப் பெரியவரும் தீர்ப்பையும் அதன் காரணத்தையும் ஒரே கணத்தில் அறிவர். அலையோசைக்கு மேல் குரல் எழாதென்று அறிந்து, தோணிக்காரருக்குக் கரையில் நின்று துணி வீசிக் காட்டும் கரைவலைக்காரர் வாழும் ஊர்களில் இம்மொழி விளங்காதிருக்க நியாயமில்லை. முற்காலத்து ஆட்டத்தில் இதனினும் உயர்ந்த வழக்கமொன்று இருந்தது: குற்றம் இழைத்தவன் தானே கையை உயர்த்தி, நான்தான் என்று மேசைக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வழக்கம் மறைந்தது எனக்கு மிகுந்த துக்கம்.

குலமும் ஊரும் பாஷையும் கேட்கப்படாத அம்மைதானத்துக்கு வெளியே, 1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகைக்கு நின்றோரும் ஏறாவூரில் வீடுகளில் இருந்தோரும் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டில் தமிழ் ஊர்களிலும் மரணவோலம் ஓயவில்லை. அம்மாதம் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், ஹேபியர் அடிகளாரும் அவருடன் சென்ற இளைஞனும் காணாமற் போயினர். அவர்கள் திரும்பி வரவேயில்லை.