கன்வல்யூஷன்

சேர்த்துச் சுருட்டுவதைக் குறிக்கும் 'கான்வால்வெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். ஜெர்மன் மொழியில் இதற்கு 'ஃபால்டுங்', அதாவது மடிப்பு என்று பெயர். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. கணித வரையறைப்படி, கெர்னல் எனப்படும் எண் கட்டத்தை முதலில் தலைகீழாகவும் இடவலமாகவும் திருப்ப வேண்டும். பிறகு அதை ஒவ்வொரு பிக்சல் மீதும் வைத்து, எண்களைப் பெருக்கிக் கூட்டினால் புதிய பிக்சல் கிடைக்கும். 3×3 கட்டம் முழுக்க 1/9 என்றால் படம் மங்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஓப்பன்சிவி என்ற பட நிரல் நூலகத்தின் 'ஃபில்டர்2டி' கட்டளை கட்டத்தைத் திருப்புவதே இல்லை. அது செய்வது கோரிலேஷன். மங்கலாக்கும் கட்டம் சமச்சீரானது என்பதால் வித்தியாசம் தெரியாது. ஆனால் விளிம்புகளைக் கண்டறியும் சோபெல் கட்டத்தில் விடையின் குறி மாறிவிடும். நிரல் எழுதும்போது விடையைத் தனி அணியில் வையுங்கள். மூலப் படத்திலேயே எழுதினால் அடுத்த பிக்சலின் கணக்கு கெட்டுவிடும்.