ஏகாதிபத்தியப் போரிலிருந்து மக்கள் யுத்தம் வரை: சென்னை மாகாணக் கட்சிகளின் நிலைமாற்றம் (1914–1945)

1752 பிப்ரவரியில் காவேரிப்பாக்கத்தில் ஆங்கிலேயக் கம்பெனித் தளபதி கிளைவின் படையும் பிரெஞ்சு ஆதரவு பெற்ற ரஸா சாகிபின் படையும் மோதின. இது யாருடைய போர் என்று அன்று ஊராரைக் கேட்டவர் எவருமில்லை. அந்தக் கேள்வியை எழுப்ப அரசியல் கட்சிகள் தோன்ற வேண்டியிருந்தது. தோன்றிய கட்சிகளும் ஒரே விடையில் நிற்கவில்லை.

1914 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ், முதல் உலகப் போரில் பிரிட்டனுக்குத் துணைநின்றது. ஆளுநர் பென்ட்லண்ட் மாநாட்டுக்கே வந்தார். 1916 முதல் மாகாணத்து டேனரிகளில் பதனிட்ட தோலை அரசே வாங்கி, ராணுவ பூட்ஸுக்காகக் கப்பலேற்றியது. போர் முடிந்ததும் கைம்மாறாக வந்தவை அரைகுறைச் சீர்திருத்தமும் 1919 ரௌலட் சட்டமும்தான். இந்த ஏமாற்றத்தை ஒதுக்கிவிட்டு 1939-ஐப் புரிந்துகொள்ள முடியாது.

அவ்வாண்டு செப்டம்பர் 3 அன்று இந்தியத் தலைவர்களைக் கலக்காமலே வைசிராய் லின்லித்கோ போர் அறிவித்தார். அதை எதிர்த்து அக்டோபர் இறுதியில் மாகாணத்தின் ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. பெரியார் தலைமையிலான நீதிக்கட்சி பிரிட்டனை ஆதரித்தது. 1940 ஜூலையில், மத்தியில் தேசிய அரசு அமைந்தால் போருக்கு ஒத்துழைப்போம் என்று காங்கிரஸை இறங்கிவரச் செய்தவர் ராஜாஜி. பிரிட்டன் மறுத்தது; தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியது; அவரும் சிறை சென்றார்.

கம்யூனிஸ்ட் கட்சியின் திருப்பம் இதைவிடக் கூர்மையானது. 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருந்தனர். அந்நிலையில் போரை ஏகாதிபத்தியப் போர் என்று சொல்லி எதிர்த்த தோழர்கள் வேலூர் சிறையிலும் அடைபட்டார்கள். 1941-ல் அந்தச் சிறையிலிருந்துதான் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஏ.கே.கோபாலன் தப்பினார். அதே ஆண்டு ஜூன் 22 அன்று ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீது பாய்ந்தார். உள்ளுக்குள் நீண்ட விவாதம் நடந்து, ஆண்டு முடிவதற்குள் கட்சி அதே போரை ‘மக்கள் யுத்தம்’ என்று அறிவித்தது.

பாசிசம் வென்றால் இந்திய விடுதலையும் புதைந்துபோகும் என்ற கம்யூனிஸ்டுகளின் வாதத்தை வெற்றுச் சாக்கு என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது ராஜாஜியை உலுக்கிய அச்சமும் அதுவே. முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு கண்டு தேசிய அரசு அமைக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார், காங்கிரஸ் ஏற்கவில்லை. ஜூலையில் காங்கிரஸிலிருந்தும் சட்டமன்றத்திலிருந்தும் விலகினார். கம்யூனிஸ்ட் கட்சி மீதான தடையை அரசு நீக்கியதும் அதே மாதத்தில்தான். நிலைமாற்றத்தால் ஒருவர் பதவி இழந்தார். இன்னொரு தரப்பு சட்டப்பூர்வ வாழ்வு பெற்றது. வாதங்கள் நெருங்கியிருந்தும் மக்கள் மனத்தில் சந்தேகம் கம்யூனிஸ்டுகள் பக்கமே கூடுதலாகப் படிந்ததற்கு இந்த வேறுபாடே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. மாஸ்கோவைப் பார்த்தே முடிவு மாறியது என்ற குற்றச்சாட்டு அதற்கு வலுச்சேர்த்தது.

ஆகஸ்ட் 8 அன்று ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. காங்கிரஸ் தலைவர்கள் சிறைக்குள் போனார்கள். கம்யூனிஸ்டுகள் போர்க்கால உற்பத்திக்காக வேலைநிறுத்தங்களைத் தவிர்க்கச் சொன்னார்கள். தொழிலாளர் கட்சிக்கு இதைவிடக் கடினமான நிலை வேறில்லை. போர் முடிந்தபின் தமிழ்நாட்டுக் காங்கிரஸில் காமராஜர் அணியினர் ராஜாஜியின் மறுவருகையை எதிர்க்க, அவர் 1942 ஆகஸ்ட் போராட்டத்துக்கு வெளியே இருந்ததையே காரணம் காட்டினார்கள். 1945-ல் கம்யூனிஸ்டுகள் காங்கிரஸ் கமிட்டிகளிலிருந்து நீக்கப்பட்டார்கள்.