பள்ளி ஆண்டு மலர் அச்சேறிய வரலாறு

தலைமையாசிரியரின் ஆண்டறிக்கை, மாணவர் எழுதிய கதை, கவிதை, கட்டுரை, பரிசு பெற்றோர் பட்டியல், வகுப்புவாரியான குழுப்படங்கள், கடைசிப் பக்கங்களில் ஊர்க் கடைக்காரர்களின் விளம்பரங்கள் என்று தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டு மலர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் அமைந்திருக்கும். எழுத்தை அச்சிட எவ்வளவு செலவு, படத்தை அச்சிட எவ்வளவு செலவு என்ற கணக்குத்தான் இந்த வரிசையைப் பல பத்தாண்டுகளில் வகுத்தது. யார் முகம் மலரில் இடம்பெறும், யார் பெயர் மட்டும் இடம்பெறும் என்பதையும் அதே கணக்கே முடிவு செய்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலை போன்ற ஊர்களின் பள்ளிகளுக்கு அச்சு எப்போது, எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ளவும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வகை ஏடு முகங்களின் தொகுப்பாகத் தொடங்கியது. யேல் கல்லூரியில் 1806இல் படிப்பை முடித்தவர்களில் ஒரு பகுதியினரின் பக்கவாட்டு நிழலுருவங்களைச் சேர்த்த நூலை அதன் முன்னோடியாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மலர் கிளைத்தது கல்லூரி இதழிலிருந்து. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் 1883இல் தொடங்கியது. கட்டுரையும் விவாதமும் கல்லூரிச் செய்தியுமே இத்தகைய இதழ்களின் உடல். பள்ளிகள் இந்த அமைப்பை ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஏடாகச் சுருக்கிக்கொண்டன. எனவே தமிழ் மலரில் எழுத்து முதலிலும் படம் பிறகும் வந்தன.

அச்சுக்குக் காசில்லாத பள்ளிகளில் கையெழுத்து ஏடு இருந்தது. நல்ல கையெழுத்துள்ள மாணவர் ஒருவர் முழு இதழையும் எழுதுவார். படம் வரையத் தெரிந்தவர் அட்டையை வரைவார். ஒரே பிரதி வகுப்புக்கு வகுப்பு கைமாறும். மு. கருணாநிதி திருவாரூரில் மாணவராக இருந்தபோது நடத்திய 'மாணவநேசன்' இந்த வகையைச் சேர்ந்தது. அடுத்த படியில் சைக்ளோஸ்டைல் வந்தது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு எழுத்தாணியால் எழுதி, அல்லது தட்டச்சு செய்து, மை உருளையில் சுற்றிப் பிரதி எடுப்பார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழிவந்த பொறிகள் இந்த வேலைக்குப் பெரிதும் கைகொடுத்தன. கேள்வித்தாள் அச்சிடப் பள்ளி அலுவலகத்தில் இருந்த அதே சைக்ளோஸ்டைல் பொறி, ஆண்டு விழா நேரத்தில் இலக்கிய மன்ற இதழையும் அச்சிட்டது. படம் மட்டும் அதில் கோட்டோவியமாகவே வர முடியும்.

முறையான மலர் என்றால் அது ஈய எழுத்தில் கோத்ததுதான். அச்சுக்கோப்பவர் அறை அறையாகப் பிரித்த பெட்டியின் முன் நின்று ஒவ்வோர் எழுத்தாக எடுத்து ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்குவார். தமிழில் உயிர்மெய்களுக்குத் தனி உருவங்கள் மிகுதி என்பதால் பெட்டியின் அறைகளும் மிகுதி. கோத்த வரிகள் 'கேலி' (galley) என்ற நீள்தட்டுக்கு மாறும். அதில் மையிட்டு எடுத்த புரூஃப் பள்ளிக்கு வரும். தமிழாசிரியர் ல, ள, ழ பிழைகளையும் விடுபட்ட ஒற்றுகளையும் குறித்து அனுப்புவார். திருத்திய பக்கங்களை இரும்புச் சட்டத்தில் இறுக்கிப் பூட்டினால் ஒரு ஃபாரம் உருவாகும். சிறு ஊர்களில் இருந்தவை பெரும்பாலும் காலால் மிதித்து இயக்கும் டிரெடில் பொறிகள். அவற்றில் ஒரு நேரத்தில் சில பக்கங்களே ஏறும்.

ஒரு சிறு அச்சகத்தில் முழு மலரையும் கோத்து நிறுத்திவைக்கும் அளவு ஈய எழுத்து இருப்பதில்லை. சில பக்கங்களை அச்சிட்டு முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடியும் அறைகளில் போட்டுவிட்டே அடுத்த பக்கங்களைக் கோக்க முடியும். அதாவது, அச்சான ஃபாரத்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. முதல் ஃபாரத்தில் ஒரு மாணவியின் பெயர் தவறிப்போனால், 'பிழை திருத்தம்' என்று கடைசிப் பக்கத்தில் போடுவது ஒன்றுதான் செய்யக்கூடியது. இதனால் மாறாத பகுதிகளான கதை, கவிதை, கட்டுரை முதலில் கோக்கப்பட்டன; விளையாட்டு விழா முடிவுகளும் ஆண்டறிக்கையின் எண்களும் கடைசிக்குத் தள்ளப்பட்டன. பழைய மலர் ஒன்றில் பக்கங்கள் ஏன் இப்படி அடுக்கப்பட்டன என்று வியப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் அச்சகத்தின் எழுத்துப் பெட்டியில் கிடைக்கும்.

படத்தின் கதை இதைவிடக் கடினமானது. ஒளிப்படத்தில் கருமையிலிருந்து வெண்மை வரை படிப்படியான சாயல்கள் உண்டு. அச்சுப் பொறிக்கு மை உண்டு, மை இல்லை என்ற இரண்டு நிலைகளே தெரியும். 1880களில் பரவத் தொடங்கிய ஹாஃப்டோன் முறை, நுண்ணிய வலைத்திரை வழியாகப் படத்தை மீண்டும் படம்பிடித்து அதைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக மாற்றியது. அந்தப் புள்ளிகளைத் துத்தநாகத் தகட்டிலோ செப்புத் தகட்டிலோ அமிலத்தால் அரித்து, ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக மரக்கட்டையில் அறைந்தால் அதுவே பிளாக். பிளாக் செய்யும் கூடங்கள் பெருநகரங்களில்தான் இருந்தன. கூலி சதுர அங்குலக் கணக்கு. நுண்புள்ளிகள் தெளிவாக விழ வழவழப்பான ஆர்ட் பேப்பரும் வேண்டும். அதனால் படங்கள் எல்லாம் தனித் தாள்களில் அச்சாகி, எழுத்துப் பக்கங்களுக்கு நடுவே செருகப்பட்டன. தாளாளர், தலைமையாசிரியர், சிறப்பு விருந்தினர் ஆகியோருக்கு ஆளுக்கொரு பிளாக்; ஆசிரியர் அனைவருக்கும் சேர்த்து ஒன்று; மாணவர்களில் பள்ளியின் முதல் மதிப்பெண்காரருக்கும் வெற்றி பெற்ற அணிக்கும் மட்டும். மற்றவர்கள் பெயர்ப் பட்டியலில் நின்றார்கள். ஏழைப் பள்ளி மாணவர் பலரின் பள்ளிப் பருவ முகம் எங்கும் அச்சாகாமலே போனதற்கு இந்தச் சதுர அங்குலக் கணக்கு ஒரு நேரடிக் காரணம்.

ஈய எழுத்துப் பெட்டியிலும் ஒரு மாற்றம் வந்தது. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் 1935இலிருந்து தம் இதழ்களில் கையாண்ட வடிவங்களில் 13 எழுத்துகள் ஏற்கப்பட்டன: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. இவற்றின் பழைய வடிவங்களுக்குத் தனித்தனி அச்சுகள் தேவைப்பட்டன. புதிய முறையில் பொதுவான காலும் கொம்பும் இணைக்கொம்பும் போதும். புது எழுத்து வாங்கும் வசதியில்லாத அச்சகங்கள் கையிலிருந்த பழையதையும் சேர்த்தே கோத்ததால், அந்த ஆண்டுகளின் அச்சில் இருவகை வடிவங்களும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும்.

கல்வராயன் மலைப் பள்ளிகளின் வளர்ச்சி இந்தக் காலத்தோடு ஒட்டியது. 'மலையாளி' என்ற பழங்குடியினர் வாழும் இந்த மலை, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின், அதாவது பரம்பரை நிலக்கிழார் ஆட்சிகளின், கீழ் நெடுங்காலம் இருந்தது. 1976இல்தான் அரசு ஜாகிர் முறையை முடித்து மலையைத் தன் நேரடி நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. நாட்டு விடுதலைக்கும் அதற்கும் இடையே 29 ஆண்டுகள். சமவெளியின் மிஷன் பள்ளிகளும் நகராட்சிப் பள்ளிகளும் ஈய எழுத்தில் மலர் மேல் மலராக வெளியிட்ட அந்தக் காலம், மலைப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளி வாசலே எட்டாத காலம். பின்னர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் இயங்கின. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் அமைந்தது. மலைப் பள்ளிகள் வேரூன்றிய அதே ஆண்டுகளில் ஈய எழுத்து விடைபெறத் தொடங்கியிருந்தது.

ஈயத்தின் இடத்துக்கு வந்தது ஆஃப்செட். தீப்பெட்டி லேபிள்களுக்காக அச்சுத்தொழிலை வளர்த்த சிவகாசி, பிறகு நாட்காட்டி, டைரி, நோட்டுப்புத்தகம் என்று விரிந்து தமிழ்நாட்டின் அச்சு வேலைக்கு மையமானது. ஆஃப்செட்டில் எழுத்தும் படமும் ஒரே ஃபிலிமில் சேர்ந்து ஒரே பிளேட்டில் பதியும். எழுத்தை வெட்டித் தாளில் ஒட்டி, படத்துக்கு இடம் விட்டு, நெகட்டிவ் எடுத்தால் போதும். மரக்கட்டை பிளாக் தேவையில்லை. படச் செலவு எழுத்துச் செலவோடு சமமாகத் தொடங்கிய இந்தக் கட்டத்தில்தான் வகுப்புக்கு ஒரு குழுப்படம் என்ற வழக்கம் எளிய பள்ளிகளுக்கும் கைவந்தது. படத்தின் கீழே 'நிற்போர்', 'அமர்ந்திருப்போர்', 'இடமிருந்து வலம்' என்று பெயர் அடுக்கும் முறையும் நிலைத்தது.

1985இல் வெளிவந்த பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள்கள் 1990களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. மையங்களின் வழியே வந்து சேர்ந்தன. தமிழுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி குறியீடு வைத்துக்கொண்டது; ஒரு கடையில் அடித்த கட்டுரை மற்றொரு கடையில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை ஏற்கப்பட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக அறிவித்தது. ஆனாலும் பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாதது. ஆசிரியர் கைபேசியில் ஒருங்குறியில் தட்டி அனுப்பும் கட்டுரையை மையத்தில் பழைய குறியீட்டுக்கு மாற்றவேண்டியிருந்தது. ஒருங்குறியில் மெய்க்குப் பின் சேமிக்கப்படும் கொம்பு, பழைய எழுத்துருக்களில் மெய்க்கு முன் நிற்கும். மாற்றத்தில் கொம்பு இடம் பிறழ்ந்தால் சொல்லே சிதையும். 2012இல் வந்த இன்டிசைன் சி.எஸ்.6 தமிழ் ஒருங்குறியை ஏற்ற பிறகு இந்த இடர் குறைந்தது. எழுத்துருவை மாற்றிய ஒவ்வொரு முறையும் முழுப் பிரதியையும் மீண்டும் மெய்ப்பு பார்ப்பதே பாதுகாப்பான வழக்கம்.

இன்றைய தயாரிப்பு டம்மியில் தொடங்குகிறது. வெற்றுத்தாள்களை மடித்து, எந்தப் பக்கத்தில் எது என்று பென்சிலால் எழுதிப் பார்ப்பதே டம்மி. பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்க ஃபாரங்களாக அமைந்தால் தாள் வீணாகாது. மெல்லிய மலருக்கு நடுவில் பின் அடித்தால் போதும். தடித்ததற்கு முதுகில் பசை ஒட்டும் கட்டு வேண்டும். வாழ்த்துரைகள் இந்தக் கட்டத்திலேயே அளவோடு நிறுத்தப்பட வேண்டியவை. பதவி வரிசைப்படி பக்கம் பக்கமாக அவை நீளும் மலரில் பிள்ளைகளின் எழுத்துக்குத்தான் இடம் சுருங்குகிறது.

படங்கள் அச்சாகும் அளவில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். 3 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உள்ள படத்துக்கு 900க்கு 1,200 என்பது குறைந்த அளவு. வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு நுணுக்கங்களை இழக்கிறது. இதைவிட முக்கியமானது மை பரவல். மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் ஒவ்வொரு மைப்புள்ளியும் ஊறிப் பெரிதாகும். திரையில் தெளிவாகத் தெரிந்த கருநிற முகம் தாளில் இருண்டு, கண்ணும் புன்னகையும் மறையும். நடுச்சாயல்களை முன்கூட்டியே ஓரளவு உயர்த்தி, ஒரு பக்கத்தை அதே தாளில் அச்சிட்டுப் பார்த்து முடிவு செய்வதே சரி. தோலை வெளுப்பாக்கும் தயார்நிலைக் கருவிகளைப் பயன்படுத்துவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. பிள்ளைகளின் படத்தையும் விவரத்தையும் மின்வடிவில் கையாள்வதில் பெற்றோர் இசைவு 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

பெயர்கள் தனிக் கவனம் கேட்பவை. வீட்டில் அழைக்கும் பெயர், சேர்க்கைப் பதிவேட்டுப் பெயர், பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் (EMIS) தகவல் தளத்தில் உள்ள பெயர் மூன்றும் வேறுபடலாம். சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஓரெழுத்து மாறினாலும் அலைய நேரும் பழங்குடி மாணவருக்கு, மலரில் பெயர் பிழையின்றி அச்சாவது கௌரவத்தோடு பயனும் உடையது. உறைவிடப் பள்ளி மலரில் விடுதிக் காப்பாளரும் சமையலரும் ஆசிரியர் படத்தோடு இடம்பெற வேண்டியவர்கள். பிள்ளைகளின் அன்றாடம் அவர்கள் கையில் இருக்கிறது. சாமை, தினை, மரவள்ளிச் சாகுபடி, கடுக்காய் பொறுக்கும் பருவம், பாட்டி சொன்ன கதை ஆகியவற்றை மலைப் பிள்ளைகள் தம் பேச்சுவழக்கிலேயே எழுதினால், அந்த வழக்கைப் பாடநூல் தமிழாகத் திருத்தாமல் அச்சிடுவது மலருக்கு மதிப்புக் கூட்டும். 2022 முதல் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்டுவரும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு மாநில அளவில் இடம் தருகின்றன. ஒரு பள்ளியின் ஓராண்டைப் பதிவு செய்யும் வேலை மலருடையது.

'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிடப்படுவதால் பள்ளி மலர்கள் நூலகங்களுக்கு அரிதாகவே போகின்றன. இலங்கைத் தமிழ்ப் பள்ளி மலர்களை 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் பெருமளவில் சேர்த்து எல்லோரும் படிக்கத் தந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதுவோர்க்கு அவை முதல்தரச் சான்றுகள். தமிழ்நாட்டு மலர்களுக்கும் அத்தகைய சேமிப்பு தேவை. வெள்ளிமலைப் பள்ளியின் முகவரி 1993 செப்டம்பர் வரை தென்னார்க்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. எனவே ஒவ்வொரு மலரின் உள்ளட்டையிலும் கல்வியாண்டு, மாவட்டம், அச்சகம், தொகுத்த ஆசிரியர் பெயர் ஆகியவை அச்சாக வேண்டும். அச்சகத்துக்குக் கொடுத்த பி.டி.எஃப். கோப்பையும் ஒருங்குறி மூலத்தையும் பள்ளிப் பதிவேடுகளோடு சேர்த்து வைக்க வேண்டும்.