எப்போ நிறுத்துறது? மீன்தொட்டி ஹீட்டருக்குள் இருக்கும் நானூறு வருஷக் கதை

கொழும்பில் கப்பி வளர்க்கிறவருக்கு ஹீட்டரைப் பற்றிய கவலை இல்லை. வலப்பனைப் பக்கம், அதுவும் ராகலை மாதிரி உயரமான தோட்டங்களில் நிலைமை வேற. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். 1880களில் வெள்ளைக்காரர் இந்த மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனுக்கு அந்தக் குளிர் பிடித்தது. தென் அமெரிக்காவின் கப்பிக்கு 24, 25 பாகை அளவு நல்லது. அதனால் தொட்டிக்குள் ஹீட்டர் வைக்கிறோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ரெண்டு ஹீட்டர் வைத்து, கொன்ட்ரோலர் ஒன்றில் புரோகிராம் போடுகிறார்கள்.

ஒரு தொட்டிக்கு எதுக்கு ரெண்டு? இதற்குப் பதில் தேட, நாங்கள் கொஞ்சம் பின்னால் போனோம்.

சூடாக்குவது மனிதனுக்குப் பழைய வித்தை. எப்போ நிறுத்துறது என்பதுதான் சிக்கல். அதற்கு யாராவது பக்கத்திலேயே இருந்து பார்க்கணும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொர்னேலிஸ் ட்ரெபல் என்ற டச்சுக்காரர் முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தார். சூடு கூடினால் உள்ளே இருக்கும் அல்கஹோல் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கோலைத் தூக்கி, அடுப்பின் காற்றுவழியை அடைக்கும். தீ தன்னையே அடக்கிக்கொண்டது.

1830இல் ஆண்ட்ரூ யூர் இப்படிப்பட்ட கருவிக்கு ‘தெர்மோஸ்டாட்’ என்று பெயர் வைத்தார். அவர் பயன்படுத்தியது ஒட்டிய இரு உலோகத் தகடு. சூட்டில் ஒன்று மற்றதைவிட அதிகம் நீள்வதால் தகடு வளையும். மலிவான மீன்தொட்டி ஹீட்டர்கள் பலவற்றில் இன்றும் அந்தத் தகடுதான்.

1883இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில், வாரன் ஜோன்சன் என்ற ஆசிரியர் மின்சார தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முன் பள்ளி ஊழியர் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சூட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜோன்சனின் கருவி கீழ்த்தளத்தில் மணி அடித்தது. அதைக் கேட்டு வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தது அதே ஊழியர்தான். ஜோன்சனின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த ஊழியரின் பெயர் இல்லை.

இது எங்களுக்குப் புதுக்கதை இல்லையே! 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், ஆரம்பத்தில் கரி அடுப்பில்தான் கொழுந்தைக் காயவைத்தார். பிறகு சாமுவேல் டேவிட்சனின் ‘சிரோக்கோ’ போன்ற இயந்திரங்கள் வந்தன. ட்ரையருக்குள் போகும் காற்று 90 பாகைக்கும் மேல் சுடணும். வெளியே வரும் தூளில் 3 சதவீதம் அளவுதான் ஈரம் இருக்கலாம். கூடினால் கருகல் வாடை, குறைந்தால் பெட்டிக்குள் பூஞ்சணம். வெப்பமானி இருந்தாலும், விறகு ஈரமா காய்ந்ததா, தீ இன்னும் எவ்வளவு ஏறும் என்று கணித்தது ஸ்டோரில் நின்ற நம்ம ஆட்களின் கண்ணும் மூக்கும். டெய்லரும் டேவிட்சனும் புத்தகத்தில் இருக்கிறார்கள். ட்ரையர்காரர் எந்தப் பக்கத்தில்?

இனி அந்த ரெண்டு ஹீட்டர். 100 லீட்டர் தண்ணீரை ஒரு பாகை உயர்த்த, வெப்ப இழப்பை விட்டுவிட்டால், 200 வாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 35 நிமிஷம் போதும். அதன் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு நிற்காமல் போனால், விடியும்போது மீன் வெந்திருக்கும். ரெண்டு 100 வாட் ஹீட்டர் என்றால், ஒன்று ஒட்டினாலும் வேகம் பாதிதான். நம்ம ஊர்க் குளிரே மிச்சத்தைச் சமாளிக்கக்கூடும். ஒன்று செத்தாலும் மற்றது ஓரளவு காப்பாற்றும்.

புரோகிராமும் அதே சந்தேகத்தோடுதான் எழுதப்படுது. 24.5க்குக் கீழே போனால் போடு, 25.5ஐத் தாண்டினால் நிறுத்து. நடுவில் இடைவெளி இல்லாவிட்டால் ரிலே ஓயாமல் டக் டக் என்று அடித்துத் தேய்ந்துவிடும். ஒவ்வொரு ஹீட்டருக்கும் தனி ரிலே. 28ஐத் தொட்டாலோ, சென்சர் நம்பமுடியாத எண்ணைக் காட்டினாலோ ரெண்டையும் நிறுத்தி மணி அடி. ஹீட்டரின் சொந்தத் தகட்டை 27இல் வைத்தால், ரிலே ஒட்டினாலும் அது தடுக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்டு இல்லாமல் போனபோது எந்தப் புரோகிராமாலும் பயனில்லை. அப்படியான நேரத்தில் தொட்டியைக் கம்பளியால் சுற்றிவிட்டு, வெப்பமானியோடு பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேணும். ட்ரெபலுக்கு முன்னால் இருந்த அதே ஆள்.

உங்க வீட்டிலோ லயத்திலோ ட்ரையரில் நின்ற தாத்தா, பாட்டி, மாமா யாராவது இருந்தால், தீயை எப்போ குறைக்கணும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்க. பெயரோடு எழுதி வையுங்க. அந்தப் பக்கத்தை நாங்கள்தான் எழுதணும்.