எளிய இயந்திரத்தின் பயனுறுதிறன்

எளிய இயந்திரத்தின் பயனுறுதிறன் என்பது, ஓர் எளிய இயந்திரம் பளுவின் மீது செய்யும் வேலைக்கும், அவ்வியந்திரத்தை இயக்கச் செலவிடப்படும் வேலைக்கும் இடையேயான விகிதம் ஆகும். இது பொதுவாக விழுக்காட்டில் குறிக்கப்படுகிறது. நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு ஆகிய ஆறும் எளிய இயந்திரங்கள் எனப்படுகின்றன.

எளிய இயந்திரங்கள் விசையைப் பெருக்கவல்லவை; ஆற்றலைப் பெருக்குவதில்லை. சிறிய விசையைக் கொண்டு பெரிய பளுவை உயர்த்த வேண்டுமெனில், அவ்விசை அதிகத் தொலைவு நகர வேண்டும். செலவிடப்படும் வேலையின் ஒரு பகுதி உராய்வினால் வெப்பமாக மாறுவதால், நடைமுறையில் பயனுறுதிறன் எப்போதும் 100 விழுக்காட்டிற்குக் குறைவாகவே இருக்கும்.

கணக்கிடும் முறை

பயனுறுதிறன் = (பளு × பளு நகர்ந்த தொலைவு) ÷ (செலுத்திய விசை × விசை நகர்ந்த தொலைவு) × 100

பளுவைச் செலுத்திய விசையால் வகுத்தால் கிடைப்பது இயந்திர லாபம். விசை நகர்ந்த தொலைவைப் பளு நகர்ந்த தொலைவால் வகுத்தால் கிடைப்பது திசைவேக விகிதம். முன்னதைப் பின்னதால் வகுத்தும் பயனுறுதிறனைப் பெறலாம்.

எடுத்துக்காட்டு

வாகனத்தை உயர்த்தும் திருகு ஜாக்கி ஒன்றின் கைப்பிடி 0.35 மீட்டர் நீளமுடையது எனவும், அதை ஒரு முறை சுற்றினால் பளு 6 மில்லிமீட்டர் உயர்கிறது எனவும் கொள்வோம். 5000 நியூட்டன் பளுவை உயர்த்தக் கைப்பிடியின் முனையில் 50 நியூட்டன் விசை தேவைப்படுகிறது.

ஒரு சுற்றில் விசை நகரும் தொலைவு = 2 × 3.14 × 0.35 = ஏறத்தாழ 2.2 மீட்டர்
செலவிடப்பட்ட வேலை = 50 × 2.2 = 110 ஜூல்
பெறப்பட்ட வேலை = 5000 × 0.006 = 30 ஜூல்
பயனுறுதிறன் = 30 ÷ 110 × 100 = ஏறத்தாழ 27 விழுக்காடு

இயந்திர லாபம் 100 ஆக இருந்தும், செலவிட்ட வேலையில் 80 ஜூல் உராய்வில் இழக்கப்படுகிறது. எனவே இயந்திர லாபம் மிகுதியாக இருப்பது பயனுறுதிறன் மிகுதி என்பதைக் குறிக்காது.

குறைந்த பயனுறுதிறனின் தேவை

மேற்கண்ட இழப்பு முற்றிலும் குறைபாடு அன்று. கைப்பிடியை விட்டுவிட்டால், பளு தானாக இறங்க முயலும். அப்போது ஒரு சுற்றுக்கு அது தரக்கூடிய வேலை 30 ஜூல் மட்டுமே. அதைத் தடுக்கும் உராய்வைக் கடக்க ஏறத்தாழ 80 ஜூல் தேவை. ஆகவே பளு உயர்த்திய இடத்திலேயே நிற்கும். இப்பண்பு தற்பூட்டு எனப்படுகிறது. இப்பண்புள்ள திருகின் பயனுறுதிறன் 50 விழுக்காட்டிற்கும் குறைவாகவே இருக்கும். மாறாக, உராய்வு குறைந்த கப்பியில் கயிற்றை விட்டவுடன் பளு கீழிறங்கிவிடும். அதைத் தாங்க நிறுத்தி தேவைப்படும். எனினும் அதிர்வுகளால் திருகும் தளரக்கூடும் என்பதால், ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வாகனத்தின் அடியில் செல்வது பாதுகாப்பானதன்று.